ஈ.பி. கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு பேர் குடியிருக்கும் தோட்டத்து வீடு, ஈ.பி. லைன் கிடையாது, கரண்ட் முழுக்க சோலாரில் இருந்துதான். கீழே உள்ள கணக்கெல்லாம் இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்து, தமிழ்நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் போட்டவை. உங்கள் வீட்டுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

லைனே இல்லாமல் சோலாரை மட்டும் நம்பிக் குடியிருக்க முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு மூன்று கம்பம் நட்டால் லைன் வந்துவிடும் என்ற நிலை இருந்தால், லைனையே வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பேட்டரியில் சேமித்து எடுக்கும் ஒரு யூனிட், பேட்டரியின் விலையையும் ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால், ஈ.பி. யூனிட்டைவிட மலிவாக அமைவது அபூர்வம். நடுவில் காட்டு எல்லை, அடுத்தவர் நிலம், பள்ளத்தாக்கு என்று லைனுக்கு வழியே இல்லாதவர்களுக்குத்தான் இது. மோட்டாருக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பில் இருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது விதிமீறல். அதை ஒரு வழியாக எண்ண வேண்டாம்.

அரசு மானியம் உண்டா?

2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் தருகிறார்கள். அது ஈ.பி. லைனோடு இணைந்த மாடி சோலாருக்கு மட்டும். லைன் இல்லாத வீட்டுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பாசன பம்புக்கு பி.எம். குசும் திட்டம் உண்டு, வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

டவுனில் மாடியில் போடும் அதே சோலாரை இங்கேயும் போடலாமா?

பேனல் அதேதான், இன்வெர்ட்டர் வேறு. டவுனில் போடுவது கிரிட் டை இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் இருந்தால்தான் அது வேலை செய்யும், லைன் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது பேட்டரியோடு தனித்து ஓடும் ஆஃப் கிரிட் இன்வெர்ட்டர், அதுவும் ஈ.பி. கரண்ட் மாதிரியே அலை தரும் சைன் வேவ். ஸ்கொயர் வேவ் வாங்கினால் ஃபேன் உறுமும், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் சூடாகும்.

எத்தனை கிலோவாட் போட வேண்டும்?

பேனலில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாளைக்கு வீடு எவ்வளவு தின்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். வாட்டை மணியால் பெருக்கினால் போதும்:

- பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் வகை) 3, தலா 30 வாட், 10 மணி நேரம்: 900
- எல்.இ.டி. பல்ப் 6, தலா 9 வாட், 5 மணி நேரம்: 270
- 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்: 600
- டி.வி. 50 வாட், 4 மணி நேரம்: 200
- மிக்ஸி 750 வாட், கால் மணி நேரம்: 190
- கிரைண்டர் 150 வாட், அரை மணி நேரம்: 75
- வைஃபை, போன் சார்ஜர் சேர்த்து 12 வாட், 24 மணி நேரமும்: 290
- 1 ஹெச்.பி. மோட்டார், அரை மணி நேரம்: 550
- இன்வெர்ட்டர் சும்மா இருக்க 40 வாட், 24 மணி நேரமும்: 960

கூட்டினால் சுமார் 4,000 வாட் அவர், அதாவது 4 யூனிட். கடைசி வரியைப் பாருங்கள். ஒரு பல்ப்கூட எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது மொத்தத்தில் கால் பங்கு. கொட்டேஷன் தருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி இதுதான். 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டருக்குப் பதில் 10 கே.வி.ஏ. போட்டால் "நாளைக்கு உதவும்" என்பார்கள். சும்மா இருக்கும்போது அது தின்பதும் கூடும், அதை யாரும் சொல்வதில்லை.

சாதா ஃபேன் 75 வாட் எடுக்கும். மூன்று ஃபேனையும் மாற்றாமல் விட்டால் ஃபேன் கணக்கு மட்டும் 2,250 ஆகிவிடும். ஃபேனை மாற்றும் செலவு, அதற்கு ஈடாகப் பேனலும் பேட்டரியும் கூட்டும் செலவில் சிறு பங்குதான்.

இனி பேனல். சித்திரை வெயிலை வைத்துக் கணக்குப் போட்டால் ஐப்பசியில் இருட்டில் உட்காருவீர்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு நாளைக்கு முழு வெயில் 3.5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு, தூசி, ஒயர், பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் போகக் கைக்கு வருவது 70 விழுக்காடு. 4,000-ஐ 3.5-ஆலும் 0.7-ஆலும் வகுத்தால் 1,630 வாட். 540 வாட் பேனல் மூன்று போட்டால் மயிரிழையில் பற்றாது, நான்கு போடுங்கள்: 2,160 வாட். கோடையில் இதே பேனல் 8 யூனிட் வரை தரும். மிஞ்சுவதை வாஷிங் மெஷினுக்கும் மோட்டாருக்கும் நண்பகலில் செலவழியுங்கள்.

அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு?

சூடு பண்ணும் வேலையைப் பேட்டரிக்குக் கொடுக்காதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போச்சு, அது மூன்று ஃபேனும் ராத்திரி முழுக்க ஓடும் கரண்ட். குளிக்க சோலார் வாட்டர் ஹீட்டர் அல்லது விறகு, சமைக்க கேஸ். துணி தேய்க்க நண்பகல்.

பேனலை எங்கே, எந்தச் சாய்வில் வைப்பது?

தெற்குப் பார்த்து, 15 டிகிரி. ஏழரை அடி நீள 540 வாட் பேனலை நெடுக்காக வைத்தால் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஏறக்குறைய 2 அடி உயரத்தில் இருக்கும். தச்சரிடமோ வெல்டரிடமோ டிகிரி சொல்வதைவிட இப்படிச் சொன்னால் தப்பு வராது. 10 டிகிரிக்குக் கீழே போனால் மழை தூசியைக் கழுவாது, கீழ் விளிம்பில் சேறு கட்டும்.

நிழல்தான் பெரிய பகை. இடம் பார்ப்பவர்கள் பங்குனி, சித்திரையில் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்பார்கள். அப்போது சூரியன் உச்சியில் நிற்கும். மார்கழியில் நண்பகலில்கூடத் தெற்கே சாய்ந்திருக்கும், 40 அடித் தென்னையின் நிழல் வடக்கே 27 அடி நீளும். காலை, மாலையில் இன்னும் அதிகம். தெற்குப் பக்கம் தென்னை இருந்தால் மர உயரத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி வையுங்கள். மட்டையும் நெற்றும் விழாத தூரமும் அதுவே. ஒற்றை ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அடிவாங்கும்.

ஓட்டு வீட்டுக் கூரையில் ஏற்றாதீர்கள். ஒரு பேனல் 28 கிலோ எடை, இரண்டரை சதுர மீட்டர் பரப்பு. நான்கு பேனல் சேர்ந்தால் ஆடிக் காற்றுக்கு அது ஒரு பாய்மரம். தரையில் கான்கிரீட் அடித்தளம் போட்டு, ஹாட் டிப் கால்வனைஸ் செய்த ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெயிண்ட் அடித்த இரும்பு வெல்டிங் வாயில் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

பேட்டரி 12 வோல்ட்டா, 24-ஆ, 48-ஆ?

இந்த அளவு வீட்டுக்கு 48. 2,400 வாட் எடுக்கும்போது 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓடும், 48-இல் 50 ஆம்பியர். ஒயரின் தடிமனும், ஒயர் முனையில் மாட்டும் லக் சூடாவதும் ஆம்பியரைப் பொறுத்தவை. நாலு பல்ப், ஒரு ஃபேன் மட்டுமுள்ள காவல் குடிசைக்கு 12 வோல்ட் போதும்.

பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் மலிவு. அது போதாதா?

போதாது. கண்ட்ரோலர் என்பது பேனலில் இருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி. பி.டபிள்யூ.எம். வகை, பேனலை பேட்டரியோடு நேராகக் கோர்த்துவிடும் சுவிட்ச் மாதிரி. 540 வாட் பேனல் 41 வோல்ட், 13 ஆம்பியர் தரும். 12 வோல்ட் பேட்டரியில் இந்தக் கண்ட்ரோலர் வழியாகப் போட்டால் 13 ஆம்பியர் அப்படியே வரும், வோல்ட் 13-க்கு இறங்கிவிடும். 13-ஐ 13-ஆல் பெருக்குங்கள்: 169 வாட். மீதி 370 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுக் காற்றில் விடுகிறீர்கள். எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். 2,160 வாட்டுக்கு 48 வோல்ட்டில் 60 ஆம்பியர் எம்.பி.பி.டி. போதும்.

நான்கு பேனலை எப்படி இணைப்பது?

இரண்டு இரண்டாகத் தொடர் இணைப்பு, பிறகு இரண்டு வரிசையும் பக்க இணைப்பு. ஒரு பேனலின் திறந்த நிலை வோல்ட் 49.5, இரண்டு சேர்ந்தால் 99. 150 வோல்ட் தாங்கும் கண்ட்ரோலருக்கு இது பத்திரம்.

"மூன்று போட்டால் 148.5 தானே, 150-க்குள் அடங்குகிறதே" என்று போட்டுக் கண்ட்ரோலரைப் புகைத்தவர்கள் உண்டு. 49.5 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் 0.27 விழுக்காடு ஏறும். மார்கழி விடியலில் 15 டிகிரி என்றால் 148.5 என்பது 152.5 ஆகும். கொடைக்கானல் மாதிரி 5 டிகிரிக்குப் போகும் இடத்தில் 156. சூரியன் முகம் காட்டியதும், பேட்டரி ஒரு ஆம்பியர்கூட இழுக்கும் முன்பே, அந்த வோல்ட் முழுசாகக் கண்ட்ரோலர் வாயில் நிற்கும்.

டியூபுலரா, லித்தியமா?

கணக்கில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு. 12 வோல்ட் 200 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர்) டியூபுலர், அதாவது ஈய அமில பேட்டரி, நான்கு போட்டால் 9.6 யூனிட், அதில் பாதிதான் எடுக்கலாம்: 4.8. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 51.2 வோல்ட் 100 ஏ.ஹெச். என்றால் 5.1 யூனிட், 80 விழுக்காடு எடுக்கலாம்: 4.1. ஏறக்குறைய ஒரு நாள் தேவை.

நல்ல கடையும் பணமும் இருந்தால் லித்தியம் என்பதுதான் எங்கள் கருத்து. தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாதி நிரம்பிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தாலும் கெடாது. மழை மாதத்தில் அந்தக் குணம் பெரிய விஷயம். டியூபுலருக்கு ஒரே நன்மை: எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு, பழசைக் கொடுத்தால் ஈயத்துக்குக் காசு வரும். டியூபுலர் வாங்கினால் சி10 (பத்து மணி நேரத்தில் காலி செய்யும்போது தரும் அளவு) என்று போட்டது வாங்குங்கள். சி20 என்று போட்ட 200 ஏ.ஹெச். பேட்டரி, பத்து மணி நேரத்தில் காலி செய்தால் 200 தராது.

டியூபுலர் ஐந்து வருடம் வரும் என்றார்கள். இரண்டே வருடத்தில் போய்விட்டது. ஏன்?

பெரும்பாலும் பட்டினி. ஒவ்வொரு நாளும் 80 விழுக்காடு நிரம்பி, ராத்திரி காலியாகி, மறுநாள் மறுபடி 80. ஒரு தடவைகூட முழுசாக நிரம்பாத பேட்டரியின் தட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜே ஏறாது. தெரிந்துகொள்ள வழி: சாயங்காலம் சார்ஜ் முடிந்ததும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். எல்லாம் 1.240 பக்கம் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் 1.200-ஐத் தாண்டவே இல்லை என்றால் பேட்டரி பசியில் இருக்கிறது. பேனலைக் கூட்டுங்கள், அல்லது லோடைக் குறையுங்கள். பேட்டரியைக் கூட்டினால் பசிதான் பெரிதாகும்.

இரண்டாவது காரணம், கடையில் வைத்த செட்டிங் அப்படியே இருப்பது. 48 வோல்ட் டியூபுலருக்கு அப்சார்ப்ஷன் (முழுசாக நிரப்பும் வோல்ட்) 57.6, ஃப்ளோட் (நிரம்பிய பிறகு வைத்திருக்கும் வோல்ட்) 54.4. பல இன்வெர்ட்டர் 42 வோல்ட் வரை இறங்கவிட்டுத்தான் ஆஃப் ஆகும். அதை 46-க்கு ஏற்றுங்கள். சார்ஜ் ஆம்பியரை ஏ.ஹெச்.-இல் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள், 200-க்கு 40. மாதம் ஒரு முறை 60 வோல்ட்டுக்கு மேல் ஈக்வலைஸ் (எல்லா செல்லையும் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ்) தேவைப்படும், ஆனால் சில இன்வெர்ட்டர் 60-ஐத் தாண்டினால் நின்றுவிடும். மேனுவலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது சூடு. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கொட்டகையில் வைத்த பேட்டரிக்கு வாரண்டி கார்டு வெறும் காகிதம்தான்.

இன்னொன்று, தோட்டத்தில் மட்டும் நடப்பது: நான்கில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து மருந்தடிக்கும் மெஷினுக்கோ டிராக்டர் ஸ்டார்ட் பண்ணவோ கொடுப்பது. அந்த ஒன்று மட்டும் இளைக்கும், மற்ற மூன்றும் அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், சில மாதத்தில் நான்கும் கெடும்.

தண்ணீர்: டிஸ்டில்டு வாட்டர் மட்டும், சார்ஜ் ஏறி முடிந்த பிறகு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கும், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரில் தூசியும் செம்பும் இருக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், அந்த அறையில் சாமி விளக்கு கூடாது.

லித்தியத்துக்கு என்ன செட்டிங்?

சார்ஜ் 56, ஃப்ளோட் 54, இன்வெர்ட்டர் ஆஃப் ஆக 48, ஈக்வலைஸ் ஆஃப். கம்பெனி கொடுத்த எண் வேறாக இருந்தால் அதை வையுங்கள். ஆஃப் வோல்ட்டை இன்னும் கீழே வைத்தால் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) முந்திக்கொண்டு கனெக்‌ஷனை வெட்டிவிடும். பேட்டரி முனையில் வோல்ட் இல்லை என்றால் பல எம்.பி.பி.டி. எழுந்திருக்காது, வெயில் கொளுத்தினாலும் வீடு இருட்டாகவே கிடக்கும்.

வோல்ட்டைப் பார்த்து எத்தனை விழுக்காடு மிச்சம் என்று ஊகிக்க வேண்டாம். 20-இல் இருந்து 90 வரை கிட்டத்தட்ட ஒரே வோல்ட்தான் காட்டும். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் ஆம்பியரை எண்ணும், ஷண்ட் வைத்த மீட்டர் போடுங்கள்.

போர்வெல் மோட்டாரை இதே சோலாரில் ஓட்டலாமா?

ஆழத்தைப் பொறுத்தது. 1,000 லிட்டரை 10 மீட்டர் ஏற்றிக் கிணற்றில் இருந்து தொட்டிக்குக் கொண்டுவர, மோட்டார் இழப்பு சேர்த்து 0.1 யூனிட்டுக்குள் முடியும். அதே 1,000 லிட்டர் 100 மீட்டர் போரில் இருந்து வர முக்கால் யூனிட். கொங்குப் பக்கம் 800 அடி, 1,000 அடி போர் என்றால் வீட்டு சோலாரோடு சேர்க்காதீர்கள். அதற்குத் தனிப் பேனலும் தனி சோலார் பம்பும் போட்டு, பேட்டரியே இல்லாமல் பகலில் ஓடவிடுங்கள். மேல்நிலைத் தொட்டிதான் உங்கள் மலிவான பேட்டரி. இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கும் அளவுக்குக் கட்டுங்கள்.

1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 1,100 வாட்தான், ஸ்டார்ட் ஆகும்போது நாலைந்து மடங்கு இழுக்கும். 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் ட்ரிப் ஆவது அதனால். இந்த மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. வேண்டும், ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அந்த நேரம் ஓடக்கூடாது.

ஒயர், பிரேக்கரில் என்ன தப்பு நடக்கிறது?

பேனல் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசையையும் பேனல் அருகிலேயே சேர்த்து, ஒரே ஜோடி 4 சதுர மி.மீ. ஒயரில் 26 ஆம்பியர் கொண்டுவந்தால் நாலரை வோல்ட் வழியிலேயே போய்விடும். வரிசைக்கு ஒரு ஜோடியாக இரண்டு ஜோடி இழுத்தால் இழப்பு பாதி. தரையில் போகும் ஒயரைப் பைப்புக்குள் விடுங்கள், எலி சும்மா விடாது.

டி.சி. பக்கம் வீட்டு ஏ.சி. கரண்டுக்கான எம்.சி.பி. பிரேக்கர் போடுவது அடிக்கடி காணும் தப்பு. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானே அணையும். டி.சி.யில் அணையாது, பிரேக்கருக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். டி.சி. என்று எழுதி, வோல்ட்டும் பொருந்துவதைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் கட்டாயம்.

டெஸ்டர் இரண்டு லைனிலும் எரிகிறது. ஈ.எல்.சி.பி. ட்ரிப் ஆகவே இல்லை. பழுதா?

பழுது இல்லை, நியூட்ரல் எர்த்தோடு சேரவில்லை. ஈ.பி.யில் டிரான்ஸ்ஃபார்மரில் அந்த வேலை முடிந்துவிடும். தனி இன்வெர்ட்டரில் வெளியே வரும் இரண்டு ஒயருமே மிதக்கும், ஆகவே எர்த் லீக்கைக் கண்டுபிடிக்கும் கருவியான ஈ.எல்.சி.பி. வேலை செய்யாது. மேனுவல் அனுமதித்தால் இன்வெர்ட்டருக்குப் பின்னால், ஈ.எல்.சி.பி.க்கு முன்னால், ஒரே ஒரு இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலை, நீங்களே செய்ய வேண்டாம். முடிந்ததும் டெஸ்ட் பட்டனோடு நிறுத்தாமல் கருவி வைத்து லீக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பேனல் ஸ்டாண்டுக்கு எர்த், இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி, டி.சி. பக்கம் சர்ஜ் ப்ரொடெக்டர். கோடை இடியின்போது பேனல் பிரேக்கரை இறக்கிவிடுவது நல்ல பழக்கம்.

எதை முதலில் இணைப்பது?

கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் போகலாம். 48 வோல்ட் இன்வெர்ட்டரை முதல் தடவை மாட்டும்போது படீரென்று பொறி பறக்கும், லக் முனை கருகும். பழைய 100 வாட் குண்டு பல்பை ஒயருக்கும் முனைக்கும் நடுவில் சில நொடி பிடித்துவிட்டு மாட்டினால் பறக்காது.

நாலு நாள் அடைமழை. என்ன செய்வது?

மூடின வானத்திலும் பேனல் கொஞ்சம் தரும், 2,160 வாட்டில் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எதிர்பார்க்கலாம். டி.வி., மோட்டார், கிரைண்டரை நிறுத்துங்கள், ஃபேனே தேவைப்படாது. ராத்திரி தூங்கப்போகும் முன் ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ஒரு எமர்ஜென்சி லைட்டில் சமாளித்தால் அரை யூனிட் மிஞ்சும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் காலைவரை தாங்கும்.

2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருப்பது நல்லது. அதை ராத்திரி ஓட்டாமல் காலையில் ஓட்டுங்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும், மெதுவாக ஏறும் கடைசிப் பகுதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

பேனலைக் கழுவ வேண்டுமா?

மழை இல்லாத மாதங்களில் 15 நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில். மதிய சூட்டில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். போர் தண்ணீர் என்றால் துடைத்துவிடுங்கள், உப்புக் கறை படிந்தால் எடுப்பது கஷ்டம்.

திடீரென்று கரண்ட் குறைந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பகல், தெளிந்த வானம், கையில் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர். முதலில் பேட்டரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் ஆம்பியர் குறைவதுதான் முறை. மோட்டாரையும் மிக்ஸியையும் ஓடவிட்டு மறுபடி அளங்கள். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டு அந்த வரிசையின் எம்.சி.4 கனெக்டரைக் கழற்றிப் பேனல் பேனலாக வோல்ட் பாருங்கள். லோடில் இருக்கும்போது கனெக்டரைக் கழற்றினால் பொறி பறந்து முகம் வேகும்.

கனெக்டர் உருகியோ பச்சை பூத்தோ இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. கனெக்டர் சுத்தமாக இருந்து, வெயிலில் சூடான நல்ல பேனல் 44, 45 வோல்ட் காட்டும்போது பக்கத்துப் பேனல் 30 மட்டும் காட்டினால் அதில் ஒரு பைபாஸ் டயோடு போயிருக்கிறது. ஒரு பேனலில் மூன்று டயோடு, ஒன்று ஷார்ட் ஆனால் மூன்றில் ஒரு பங்கு போகும். பின்பக்க ஜங்ஷன் பெட்டியை நீங்கள் உடைத்துத் திறந்தால் வாரண்டி போய்விடும். சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அளந்த வோல்ட்டோடு வாங்கிய இடத்துக்கு அனுப்புங்கள். புதுப் பேனல் வரும்வரை அந்த வரிசை குறைந்த வோல்ட்டில் கிடந்து அடுத்த வரிசையையும் இழுக்காதபடி அதைத் தனியாகக் கழற்றி வையுங்கள்.